சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், பாட்டிலை எப்போது திறப்பது?

கேள்வி: காரைக்காலில் பிறந்து, பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, இப்போது ஓய்வு பெற்று பாரிஸ் புறநகரில் குடியிருக்கிறேன். என் மகளுக்கு போர்தோ பக்கத்துப் பையனை நிச்சயித்திருக்கிறோம். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். எங்களையும் சேர்த்து எட்டுப் பேர். மாப்பிள்ளை இரண்டு பாட்டில் ஒயின் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ஒன்று 2009-ஆம் ஆண்டு சாந்த்-எமிலியோன் சிவப்பு, மற்றது வூவ்ரே தெமி-செக் வெள்ளை. இரண்டையும் சமையலறை அலமாரியின் மேல் நிறுத்தி வைத்திருக்கிறேன். இறால் தொக்கும் மட்டன் குழம்பும் செய்ய எண்ணம். ராணுவ மெஸ்ஸில் ஊற்றியதைக் குடித்த பழக்கம் மட்டுமே எனக்கு உண்டு. எப்போது திறப்பது, எப்படி ஊற்றுவது, முதலில் சுவைத்துப் பார்த்துவிட்டு நான் என்ன சொல்வது? சம்பந்தி முகர்ந்து பார்த்து வயலட் பூ, தோல், காளான் என்றெல்லாம் சொல்வாராம். எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. என் மனைவி குடிப்பதில்லை. அவர் கிளாஸைத் தொடாமல் இருந்தால் தவறாக எடுத்துக்கொள்வார்களா? பெயரை வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள ஐயா,

முதல் வேலையாக அந்த இரண்டு பாட்டில்களையும் அலமாரியின் மேலிருந்து இறக்கிவிடுங்கள். வீட்டிலேயே அதிகம் சூடேறும் இடம் அதுதான். சமைக்கும்போது வெப்பமும் ஆவியும் மேலே போய்த் தங்குகின்றன, இரவில் ஆறுகின்றன, மறுநாள் மீண்டும் ஏறுகின்றன. இப்படி ஒயின் விரிந்தும் சுருங்கியும் கொண்டிருந்தால் தக்கையின் பிடி தளர்ந்து காற்று உள்ளே போகும். இத்தனை ஆண்டுகள் யாரோ கவனமாகப் பாதுகாத்த பாட்டில் கடைசி ஒரு மாதத்தில் கெட்டுப்போகக் கூடாது. உங்கள் கட்டடத்தின் அடியில் 'காவ்' என்ற நிலவறை இருந்தால் அங்கே கொண்டுபோய்ப் படுக்கவையுங்கள். 12 டிகிரியை ஒட்டிய, ஏறி இறங்காத குளிர்ச்சி உகந்தது. நிலவறை இல்லையென்றால், ஹீட்டர் போடாத அறையில் வெளிச்சம் படாத அலமாரியின் அடித்தட்டு போதும். படுக்கவைப்பது தக்கை நனைந்தே இருப்பதற்காக. காய்ந்த தக்கை சுருங்கிவிடும், திறக்கும்போது உதிரவும் செய்யும்.

அடுத்து, உங்களை அதிகம் வாட்டுகிற கேள்வி. முதலில் சுவைத்துப் பார்த்துவிட்டு என்ன சொல்ல வேண்டும் என்கிறீர்கள். ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. விருந்து கொடுப்பவர் முதலில் ஒரு வாய் பார்ப்பது, பாட்டில் கெட்டுப்போயிருக்கிறதா என்று அறிவதற்கு மட்டுமே. நல்ல ஒயினா, சுமாரான ஒயினா என்று தீர்ப்புச் சொல்லும் சடங்கு அது இல்லை. உணவகத்தில் நான் ஒருவருடைய கிளாஸில் ஒரு மடக்கு ஊற்றிவிட்டுக் காத்திருக்கும்போது அவரிடம் எதிர்பார்ப்பது ஒரு தலையசைப்பைத்தான். பலர் இதைத் தேர்வு என்று நினைத்து முகம் வெளிறுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. சாப்பிட வந்தவரைப் பயமுறுத்துவது எங்கள் தொழிலின் நோக்கமே இல்லை.

வீட்டில் இது இன்னும் எளிது. விருந்தினர் வருவதற்கு முன் சமையலறையிலேயே திறந்து, நீங்கள் தனியாக முகர்ந்து பார்த்துவிடலாம். கெட்ட பாட்டிலைக் கண்டுபிடிக்கத் தேர்ந்த நாக்கு வேண்டாம், மூக்கு போதும். மழையில் நனைந்து மூலையில் கிடந்த செய்தித்தாள், ஈர அட்டைப்பெட்டி, காற்று புகாத அறையில் மக்கிய சாக்கு, இந்த வாடை வந்தால் அது தக்கை நோய். டிசிஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் டிரைக்ளோரோஅனிசோல் என்ற பொருள் தக்கையிலிருந்து ஒயினில் கலப்பதால் வருவது. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும், பழ மணம் முழுவதையும் மூடிவிடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் குடிக்க நன்றாக இருக்காது. வயதான நல்ல ஒயினும் திறந்த உடனே சற்று அடைத்த வாடை அடிப்பதுண்டு. கிளாஸில் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். நல்ல ஒயின் என்றால் அந்த வாடை கலைந்து பழ மணம் எழும். தக்கை நோய் என்றால் நேரம் ஆக ஆக ஈர அட்டை வாடை இன்னும் தெளிவாகும். இந்தப் பத்து நிமிடப் பொறுமைதான் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

வினிகர் வாடையோ நகப்பூச்சு வாடையோ தூக்கலாக அடித்தால் அதுவும் கெட்டதுதான். வெட்டி வைத்துக் கறுத்த ஆப்பிளின் மணம் வந்தால் காற்றுப் பட்டுவிட்டது என்று பொருள். தக்கையின் அடியிலோ வெள்ளை ஒயினின் அடியிலோ கண்ணாடித் தூள் போலப் படிகங்கள் தெரிந்தால் மட்டும் பதற வேண்டாம். திராட்சையில் இயல்பாக உள்ள டார்டாரிக் அமிலத்தின் உப்பு குளிரில் உறைந்தது அது.

எந்தப் பாட்டிலும் கெட்டிருக்கலாம் என்பதால் மாற்று ஒன்று கைவசம் இருக்கட்டும். எப்படியும் நீங்கள் இன்னும் கொஞ்சம் வாங்கத்தான் வேண்டும். ஒரு பாட்டில் 750 மில்லி. குடிப்பவர்கள் ஏழு பேர் என்றால் ஆளுக்கு நூறு மில்லிக்குச் சற்று மேல் வரும். ஒரு நல்ல ஒயினைப் பகிர்ந்து சுவைக்க அது போதும், இங்கே மூன்று மணி நேரம் நீளும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் போதாது. என்ன வாங்குவது என்பதை உணவைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

இப்போது வெப்பநிலை. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் நல்ல ஒயின்கள் வீடுகளில் வீணாவது பெரும்பாலும் இதனால்தான். சிவப்பு ஒயினை 'ஷாம்ப்ரே', அதாவது அறையின் வெப்பத்தில் கொடுக்க வேண்டும் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். மத்திய ஹீட்டர் வருவதற்கு முந்தைய கல் வீடுகளுக்கான வழக்கம் அது. அந்த அறைகள் 16, 17 டிகிரிக்கு மேல் போனதில்லை. இன்றைய அடுக்குமாடி வீட்டில் 21, 22 டிகிரி இருக்கிறது, அடுப்பு எரியும்போது இன்னும் கூடும். அந்தச் சூட்டில் சிவப்பு ஒயினை ஊற்றினால் முதலில் மேலே எழுவது ஆல்கஹால். மூக்கு எரியும், பழ மணம் பின்னால் போய்விடும், வாயில் எல்லாம் சப்பென்று கலங்கிக் கிடக்கும். அதே பாட்டில் 16 டிகிரியில் இருந்தால் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் நிற்கும். விலையுயர்ந்த பாட்டிலைச் சூடாகக் கொடுப்பதைவிட, எட்டு யூரோ பாட்டிலைச் சரியான குளிர்ச்சியில் கொடுப்பது விருந்தினருக்குச் செய்யும் பெரிய மரியாதை. இதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன்.

மறுபக்கம், அளவுக்கு மீறிக் குளிர்ந்தாலும் கெடுதல்தான். குளிர்சாதனப் பெட்டியின் உள்ளே 4, 5 டிகிரி. அந்தக் குளிரில் வெள்ளை ஒயின் மணமே காட்டாது. சிவப்பு ஒயினோ, மணமும் அடங்கித் துவர்ப்பும் கூடிக் கடுத்துவிடும்.

உங்கள் கணக்குக்கு: சாந்த்-எமிலியோன் 16 முதல் 17 டிகிரி, வூவ்ரே 8 முதல் 10 டிகிரி. வூவ்ரேயைக் காலையிலேயே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள், ஊற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்பு எடுங்கள். சிவப்பு ஒயின் நிலவறையிலிருந்து வந்தால் மேசையிலேயே மெல்ல ஏறிக்கொள்ளும். அறைச் சூட்டில் இருந்திருந்தால், நிறுத்திய நிலையிலேயே, அசைக்காமல் அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கட்டும். கிளாஸில் ஊற்றியதும் ஒயின் தானாகவே ஒன்றிரண்டு டிகிரி ஏறும் என்பதால் சற்றுக் குளிர்ந்த பக்கமே இருப்பது நல்லது. மேசையில் வெள்ளை ஒயினுக்கு வாளி வைப்பதாக இருந்தால் பாதி ஐஸ், பாதி தண்ணீர். வெறும் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே காற்றுதான் இருக்கும், பாட்டில் குளிர நேரமாகும். தண்ணீர் பாட்டிலைச் சுற்றி முழுவதும் தொடும். அவசரமென்றால் ஒரு கைப்பிடி உப்பு போடுங்கள்.

2009-ஆம் ஆண்டு பாட்டிலில் வண்டல் படிந்திருக்கும். வயதாகும்போது ஒயினின் நிறப் பொருள்களும் துவர்ப்புப் பொருள்களும் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்துக் கீழே இறங்குகின்றன. அதனால் விருந்துக்கு இரண்டு நாள் முன்பே பாட்டிலை நிறுத்திவிடுங்கள், வண்டல் முழுவதும் அடியில் போய் உட்காரும். ஞாயிறு அன்று சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு திறக்கலாம். கழுத்தைச் சுற்றியுள்ள தகட்டை, வளையத்துக்குக் கீழே கத்தியால் சுற்றி வெட்டுங்கள். மேல் விளிம்பில் வெட்டினால் ஒயின் அந்தத் தகட்டைத் தொட்டுக்கொண்டு விழும். வாயைத் துணியால் துடையுங்கள். திருகுக் கம்பியைத் தக்கையின் நடுவில் செருகி, பாட்டிலை ஆட்டாமல் மெதுவாக இழுங்கள். தக்கை பழையது, 'டப்' என்ற சத்தம் வரும்படி இழுத்தால் பாதியில் முறியலாம்.

பிறகு ஒரு கண்ணாடிக் கூஜாவுக்கு மாற்றுங்கள். இதை ஒருமுறை சரியாகச் செய்தால் உங்களுக்கே பிடித்துப்போகும். கைபேசியின் டார்ச்சை மேல்நோக்கி மேசையில் வையுங்கள். பாட்டிலின் தோள் அந்த வெளிச்சத்துக்கு நேர் மேலே வரும்படி பிடித்துக்கொண்டு, நிறுத்தாமல், ஒரே சீரான மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். இடையில் பாட்டிலை நிமிர்த்தினால் அலை எழுந்து வண்டல் கலங்கிவிடும். வெளிச்சத்தில் ஒயின் தெளிந்த செங்கல் சிவப்பாக ஓடும். கடைசியில் தோள்பட்டை அருகே புகை இழை போல ஒரு கருமை நெளிந்து வருவது தெரியும். அது கழுத்துக்குள் நுழைவதற்குள் நிறுத்திவிடுங்கள். அடியில் இரண்டு மூன்று விரற்கடை மிஞ்சும். அதைக் குழம்பில் ஊற்றினாலும் சரி, கொட்டினாலும் சரி, கிளாஸில் மட்டும் ஊற்ற வேண்டாம். காலிப் பாட்டிலையும் தக்கையையும் கூஜாவின் பக்கத்திலேயே மேசையில் வையுங்கள். போர்தோ பக்கத்துக்காரர்கள் லேபிளைப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள்.

இளம் வயதுச் சிவப்பு ஒயின்களுக்கு இரண்டு மணி நேரம் காற்றுப் பட்டால் கரடுமுரடு தணியும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வயதான பாட்டிலை அப்படி விடக் கூடாது. மணம் பறந்துவிடும். கூஜாவில் அரை மணி நேரம், அதிகம் போனால் ஒரு மணி நேரம் போதும்.

கிளாஸ்களைப் பற்றி ஒரு வார்த்தை. அடி அகன்று வாய் குறுகிய, தண்டுள்ள கிளாஸ் இருந்தால் போதும், படிகக் கண்ணாடிக்குச் செலவழிக்காதீர்கள். ஆனால் முந்தின நாளே வெந்நீரில் அலசி, வாசனையில்லாத பருத்தித் துணியால் துடைத்து வையுங்கள். அட்டைப்பெட்டியில் கிடந்த கிளாஸில் அட்டை வாடை ஒட்டியிருக்கும். அதை முகர்ந்துவிட்டு ஒயினில் தக்கை நோய் என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. இன்னொன்று, நம் வீடுகளுக்கே உரியது. அன்று காலை சாம்பிராணி, ஊதுபத்தி வேண்டாம், அல்லது பூஜையைச் சீக்கிரம் முடித்து ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். தாளிப்பு வேலைகளை விருந்தினர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடலாம். மேசை நடுவே மல்லிகைச் சரம் அழகுதான், ஆனால் அந்த மணத்தின் முன்னால் எந்தப் போர்தோ ஒயினும் நிற்காது. வரவேற்பறையில் வைத்துவிடுங்கள்.

சமையல் பட்டியலை மாற்றச் சொல்லவில்லை. அவர்கள் உங்கள் கைச் சமையலைச் சாப்பிடத்தான் வருகிறார்கள். ஆனால் எதை எதோடு வைப்பது என்பதில் கவனம் வேண்டும். மாப்பிள்ளை கெட்டிக்காரர், வூவ்ரேயைத் தெரிந்தேதான் கொடுத்திருக்கிறார். லுவார் ஆற்றங்கரையில் ஷெனின் திராட்சையிலிருந்து எடுக்கும் ஒயின் அது. தெமி-செக் என்றால் லேசான இனிப்பு மிச்சம் வைத்தது. கூடவே ஷெனினுக்கே உரிய கூர்மையான புளிப்பும் இருக்கும். அந்த இனிப்பு மிளகாயின் எரிச்சலைத் தணிக்கும், புளிப்பு எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிடும். இறால் தொக்குக்கு இதைவிடப் பொருத்தமாக நான் எதையும் சொல்ல மாட்டேன். இனிப்பில்லாத ஒயினிலிருந்து இனிப்பான ஒயினுக்குப் போக வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அந்த விதியைப் பார்த்து வூவ்ரேயைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். தட்டில் இருப்பதுதான் முதலில்.

சாந்த்-எமிலியோனுக்கும் காரமான மட்டன் குழம்புக்கும் ஒத்துப்போகாது. பெரும்பாலும் மெர்லோ திராட்சை, கொஞ்சம் கபெர்னே ஃபிரான் திராட்சை கலந்த ஒயின் அது. 2009 வெயில் நிறைந்த ஆண்டு என்பதால் ஆல்கஹால் 14 சதவீதத்தை ஒட்டி இருக்கக் கூடும், லேபிளில் பாருங்கள். வாயில் மிளகாயின் எரிச்சலை உணர்த்தும் அதே நரம்பு ஏற்பியை ஆல்கஹாலும் தூண்டுகிறது. குழம்புக்குப் பின் ஒரு வாய் குடித்தால் காரம் இரண்டு மடங்காகத் தெரியும், துவர்ப்பு கசப்பாக மாறும், ஒயினின் நுணுக்கம் எதுவும் எஞ்சாது. ஆகவே ஒரு யோசனை. ஆட்டுத் தொடை ஒன்றை மிளகு, சீரகம், பூண்டு, கொஞ்சம் கறிவேப்பிலை போட்டு, வற்றல் மிளகாயும் புளியும் சேர்க்காமல் அடுப்பில் மெதுவாக வாட்டுங்கள். மிளகின் காரம் சுறுக்கென்று வந்து அடங்கிவிடும், ஒயினோடு சண்டை போடாது. அதோடு சாந்த்-எமிலியோன். அதைப் பருகி முடித்த பிறகு மட்டன் குழம்பு வரட்டும், அதற்குத் துணையாக இரண்டு பாட்டில் போஜொலே சிவப்பு ஒயின் வாங்கி வையுங்கள். மோர்கோன் அல்லது ஃப்ளூரி என்று கேளுங்கள். கமே திராட்சை, துவர்ப்பு குறைவு, 13 டிகிரியில் குளிரக் கொடுத்தால் குழம்புக்கு இதமாக இருக்கும். உங்கள் மாற்றுப் பாட்டிலும் அதுவே. பாலாடைக்கட்டி வைப்பீர்கள் என்றால் சிவப்பைவிட வெள்ளையே பெரும்பாலானவற்றுக்கு ஒத்துப்போகும். வூவ்ரேயில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, அது வரும் அதே தூரேன் பகுதியின் சாந்த்-மோர் ஆட்டுப்பால் கட்டியோடு கொடுத்துப் பாருங்கள்.

இனி சுவைப்பது. கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது, மேலே உள்ள வெற்றிடத்தில்தான் மணம் சேரும். தண்டைப் பிடித்துக்கொண்டு வெள்ளை மேசைத் துணிக்கு மேலே கிளாஸைச் சாய்த்து ஓரத்தைப் பாருங்கள். இளம் சிவப்பு ஒயினின் ஓரம் ஊதா கலந்திருக்கும், வயதானதன் ஓரம் செங்கல் நிறமாகும். கிளாஸின் உட்சுவரில் வழியும் கோடுகளைக் காட்டி உயர்ந்த ஒயின் என்று யாராவது சொன்னால் சிரித்துவைத்தால் போதும். ஆல்கஹால் ஆவியாகும்போது பரப்பு இழுவிசை மாறுவதால் வரும் கோடுகள் அவை, தரத்துக்குச் சாட்சி இல்லை.

முதலில் ஆட்டாமல் ஒருமுறை முகருங்கள். பிறகு கிளாஸின் அடியை மேசையிலேயே வைத்து மூன்று நான்கு சுற்றுச் சுற்றிவிட்டு மீண்டும் முகருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும், நிச்சயமாகத் தெரியும். அப்புறம் ஒரு சிறு வாய் எடுத்து, உடனே விழுங்காமல் நாக்கு முழுவதும் படவிட்டு, கொஞ்சம் காற்றை உள்ளே இழுங்கள். வாயின் வெப்பத்தில் கிளம்பும் மணம் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி அப்படி வருவதுதான். சளி பிடித்த நாளில் குழம்பு ருசிக்காதது இதனால்தான். இனிப்பு நாக்கின் நுனியில், கசப்பு அடியில் என்று பழைய புத்தகங்களில் போட்டிருக்கும் நாக்கு வரைபடத்தை நம்ப வேண்டாம், நாக்கு எல்லா இடத்திலும் எல்லாச் சுவையையும் அறியும். வாயில் கவனிக்க வேண்டியவை மூன்று. எச்சில் ஊறுகிறதா, அது புளிப்பு. பால் சேர்க்காத கெட்டித் தேநீர் குடித்ததைப் போல ஈறு இறுகுகிறதா, அது துவர்ப்பு. விழுங்கிய பின் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது? பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஒவ்வொரு விநாடியையும் ஒரு 'கோதாலி' என்று எண்ணுவார்கள்.

சம்பந்தி சொல்லும் பூவும் தோலும் காளானும் கற்பனை இல்லை. வயதான சாந்த்-எமிலியோனில் தோல், புகையிலை, ஈர இலைச்சருகு, காளான், உலர்ந்த பழம் ஆகிய மணங்கள் உண்மையாகவே வரும். உங்களுக்கு வயலட் தெரியவில்லை என்றால் குறை உங்களிடம் இல்லை. அந்த மணத்துக்குக் காரணமான பீட்டா-அயனோனை நுகரும் திறன் மரபணுவைப் பொறுத்து ஆளுக்கு ஆள் வெகுவாக மாறுகிறது. சிரா திராட்சை ஒயினில் மிளகு மணம் தருவது ரொட்டன்டோன் என்ற பொருள் என்று 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள், நம் மிளகில் இருப்பதும் அதுவே. அந்தச் சோதனையில் ஐந்தில் ஒருவருக்கு அது அறவே தெரியவில்லை. படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் படிக்கும் 54 பேருக்கு, வாசனையற்ற சாயம் கலந்து சிவப்பாக்கிய வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். 2001-இல் வெளியான அந்த ஆய்வில், அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே வர்ணித்திருந்தார்கள். கண் பார்த்ததை மூக்கு ஒப்புக்கொண்டுவிட்டது. போர்தோ மாணவர்களே இப்படி என்றால் நீங்கள் கூச வேண்டியதே இல்லை.

உங்கள் மூக்குக்கு என்ன தெரிகிறதோ அதைச் சொல்லுங்கள். உலர்ந்த திராட்சை, கருப்பட்டி, மரப்பெட்டி, வெற்றிலைப் புகையிலை, எது தோன்றினாலும் சரி. மசாலா டப்பாவோடு வளர்ந்த மூக்கு நம்முடையது. இங்கே பலருக்குப் பெயர் தெரியாத மணங்கள் நமக்குத் தெரியும். ஜூரா பகுதியில் ஆறு ஆண்டுகளுக்கு மேல் பீப்பாயில் வைத்து எடுக்கும் 'வான் ஜோன்' என்ற மஞ்சள் ஒயினில் சொடோலோன் என்ற பொருள் இருக்கிறது. வெந்தயத்தின் மணமும் அதனால்தான். அதை உங்கள் மனைவி ஒரே முகர்வில் கண்டுபிடித்துவிடுவார். சம்பந்தியிடம் நீங்களே கேளுங்கள், இந்த மணம் உங்களுக்கு எப்படித் தெரிகிறது என்று. போர்தோ பக்கத்து மனிதருக்கு அதைவிடப் பிடித்த கேள்வி இருக்காது, பேச்சு தானாக ஓடும்.

ஊற்றும் முறை சுருக்கமாக. சம்பந்தியம்மாவுக்கு முதலில், பிறகு மற்றப் பெண்கள், பிறகு ஆண்கள், கடைசியில் உங்களுக்கு. வலப்பக்கமிருந்து ஊற்றுங்கள், முடிக்கும்போது பாட்டிலை லேசாகத் திருப்பினால் சொட்டாது. எல்லோருக்கும் ஊற்றி, நீங்கள் கிளாஸை உயர்த்திய பிறகே அவர்கள் குடிப்பார்கள். கிளாஸைத் தட்டும்போது எதிரே இருப்பவரின் கண்ணைப் பாருங்கள், இங்கே அதை மரியாதையாக எண்ணுகிறார்கள். அவர்கள் ஒரு பாட்டில் கொண்டுவந்தால் நன்றி சொல்லி, இப்போதே திறக்கலாமா, வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிடுங்கள். இரண்டும் வழக்கத்தில் உண்டு. கிளாஸ் காலியாகும் முன் நிரப்பிக்கொண்டே இருப்பது மட்டும் உபசாரம் ஆகாது, குடிப்பவர் தன் அளவை இழந்துவிடுவார்.

உங்கள் மனைவி கிளாஸைத் தொடாமல் இருப்பதில் தவறே இல்லை. பிரான்ஸில் குடிக்காதவர்கள் நிறையப் பேர், காரணம் கேட்பதுதான் இங்கே மரியாதைக் குறைவு. அவருக்கும் அதே வடிவக் கிளாஸை வைத்து, நல்ல திராட்சைச் சாறோ பன்னீர் எலுமிச்சைச் சாறோ ஊற்றுங்கள். எல்லோரும் கிளாஸை உயர்த்தும்போது அவரும் உயர்த்தலாம். விருப்பமிருந்தால் முகர்ந்து மட்டும் பார்க்கட்டும். நாங்கள் தொழிலில் சுவைப்பதை எல்லாம் விழுங்குவதில்லை, துப்பிவிடுகிறோம். மணத்தை அறியக் குடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. மற்றவர்களுக்கும் ஒரு அளவு இருக்கட்டும். இந்நாட்டுப் பொதுச் சுகாதார அமைப்பின் அறிவுரை ஒரு நாளைக்கு இரண்டு கிளாஸுக்கு மேல் வேண்டாம், வாரத்துக்குப் பத்துக்கு மேல் வேண்டாம், குடிக்காத நாளும் இருக்க வேண்டும் என்பது. மேசையில் தண்ணீர்க் கூஜா இரண்டு இருக்கட்டும். வந்தவர்களைக் காரில் திருப்பி அழைத்துப் போகிறவர் மாப்பிள்ளை என்றால் அவரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். சட்டப்படி ஒரு லிட்டர் ரத்தத்தில் ஆல்கஹால் 0.5 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும், புதிதாக உரிமம் எடுத்தவருக்கு 0.2.

வூவ்ரே மிஞ்சினால் தக்கையை மூடி குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், இரண்டு மூன்று நாள் நன்றாக இருக்கும். போஜொலேயும் அப்படியே, குடிக்கும் முன் சற்று வெளியே எடுத்து வைத்தால் போதும். சாந்த்-எமிலியோன் கூஜாவில் ஏதேனும் மிச்சமிருந்தால் அன்று மாலைக்குள் முடித்துவிடுங்கள். அந்த வயதில் திறந்த ஒயின் மறுநாள் வரை தாங்காது.